திவால் வீட்டுப் பந்தி

தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர் மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டால், பிறகு அந்தத் தெருவில் அவர் தலைகாட்டுவது கஷ்டம். சீட்டுக் கட்டிய பெண்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். உறவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் வராது. ‘ஐ.பி. கொடுத்த குடும்பம்’ என்று பேரன் காலம் வரைக்கும் பேச்சு இருக்கும். பணம் கொடுத்தவர்களுக்குத் திரும்பக் கிடைத்த ஒரே வட்டி அந்த அவமானம்தான். அதையாவது முழுசாக வசூலித்துக்கொண்டார்கள்.

ஆயிரம் கோடிக்கு மேல் போனால் இந்தத் தொல்லை கிடையாது. 2016-இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் வந்த பிறகு, பெரிய கம்பெனி முழுகினால் யாரும் ராத்திரி பஸ் ஏற வேண்டியதில்லை. தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. தீர்வு நிபுணர் என்று ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். கடன் கொடுத்தவர்கள் குழுவாகக் கூடி, நூற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்று ஓட்டுப் போடுவார்கள். எல்லாம் கௌரவமாக நடக்கும். அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவர் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, “சார், நம்ம செட்டில்மென்ட் என்னாச்சு?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்து வாட்ச்மேன்கூடப் பதில் சொல்லமாட்டார். அவருக்கும் சம்பளம் வந்திருக்காது.

அந்தச் செட்டில்மென்ட் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். ஏதோ கஜானாவையே கேட்கிறார்கள் என்று தொழிலதிபர் சங்கங்கள் பேசுவதால் இந்தக் கணக்கு அவசியம். தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்த்த 25-எஃப் பிரிவு சொன்னது இது: ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குண்டான சம்பளம், அதோடு முடித்த ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். மாதம் 20,000 ரூபாய் வாங்கியவர், 12 வருஷ சர்வீஸ். பாதி மாதச் சம்பளம் 10,000. பன்னிரண்டால் பெருக்கினால் 1,20,000 ரூபாய். பன்னிரண்டு வருஷ நைட் ஷிப்ட், தோளில் இறங்கிப்போன வலி, குழந்தையின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகாத பன்னிரண்டு மாலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஸ்கூட்டர் விலை.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. புதுச் சட்டத்தில் நிறைய மாறியிருக்கிறது. ஆலையை மூடவோ ஆளைக் குறைக்கவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 100 பேர் வேலை செய்யும் இடத்திலிருந்து 300 பேர் வேலை செய்யும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்த 15 நாள் மட்டும் எழுபத்திரண்டு வருஷமாக நகரவில்லை. நியாயமாகச் சொன்னால் ஒரு சலுகை சேர்ந்திருக்கிறது: வேலை போனவர் புதுத் தொழில் கற்றுக்கொள்வதற்காக இன்னொரு 15 நாள் சம்பளம். நம்முடைய ஆளுக்கு அது இன்னொரு பத்தாயிரம். நாற்பத்தைந்து வயதில், வாடகை பாக்கியோடு, பத்தாயிரம் ரூபாயில் அவர் என்ன படிப்பார் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்களோ, அவர்களே பாடத்திட்டத்தையும் கொடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

(இந்த 15 நாளும்கூட ஒரு வருஷம் தொடர்ச்சியாக, அதாவது 240 நாள், வேலை பார்த்தவருக்குத்தான். 239-ஆம் நாள் ஆளை நிறுத்தி, ஒரு வாரம் கழித்துப் புது அட்டை போடும் கலை தெரியாத பெர்சனல் மேனேஜர் எந்தத் தொழிற்பேட்டையிலும் கிடையாது.)

இனி, இழப்பீடு கொடுக்க வேண்டியவரே திவால் என்று கையை விரித்துவிட்டால் என்ன ஆகும்? கம்பெனியை வாங்க ஆள் வராமல், உடைத்து விற்கும் நிலை வந்தால், விற்ற பணத்தை யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று திவால் சட்டத்தின் 53-ஆவது பிரிவு வரிசை போட்டிருக்கிறது. நம்மூர்க் கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவு உடனே புரிந்துவிடும். வக்கீலே தேவையில்லை.

முதல் பந்தி, சமையல்காரர்களுக்கே. தீர்வுச் செலவு, கலைப்புச் செலவு என்ற பெயரில் நிபுணர், வக்கீல், மதிப்பீட்டாளர் எல்லோரும் உட்காருவார்கள். இவர்களுக்கு முழுச் சாப்பாடு. பாக்கி வைக்கவே கூடாது என்பது சட்டம். அதில் அரைகுறை ஏற்பாடும் கிடையாது. 2022 அக்டோபரிலிருந்து நியமிக்கப்படும் தீர்வு நிபுணருக்கு, கோரிக்கைத் தொகையின் அளவைப் பொறுத்து மாதம் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை குறைந்தபட்சக் கட்டணம் என்று விதியே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்றை இந்த நாடு ஒழுங்காக அமல்படுத்திய இடம் கடைசியில் இதுதான்.

இரண்டாம் பந்தியில்தான் வேடிக்கை. அங்கே தொழிலாளிக்கு இலை உண்டு. அதுவும் பிணையம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குப் பக்கத்து இலை, சரிசமம். சட்டம் வந்தபோது இதைத்தான் மேடைக்கு மேடை சொன்னார்கள்: பாருங்கள், பாங்க்காரரும் பாய்லர்காரரும் ஒரே வரிசை! ஆனால் பாய்லர்காரருக்கு 24 மாத பாக்கிக்கு மட்டும்தான் பரிமாறுவார்கள். அதற்கு முந்தைய பாக்கி ‘மீதமுள்ள கடன்கள்’ என்று கடைசிக்கு இரண்டு பந்தி முன்னால் போய்விடும். அங்கே ரசம்கூட வந்து சேராது. வங்கிக்கு இந்த வரிசையே பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். 52-ஆவது பிரிவின்படி, ஈடாக வாங்கிய நிலத்தையும் இயந்திரத்தையும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு தனியாகப் போய் விற்றுக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. சாப்பாட்டை ஒருவர் தூக்கிக்கொண்டு போன பிறகு மிச்ச இலைக்குச் சம மரியாதை என்பது நல்ல நகைச்சுவைதான், சிரிக்க நேரம் இருப்பவர்களுக்கு.

மூன்றாம் பந்தி, தொழிலாளி என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களுக்கு: 12 மாத பாக்கி. அதற்குப் பிறகு ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள், பிறகு அரசாங்க வரி பாக்கி, பிறகு மற்றவை, கடைசியில் பங்குதாரர்கள். ஒப்பந்தத் தொழிலாளி எந்தப் பந்தி என்று தேடினேன். அவருக்குக் கம்பெனி முதலாளியே இல்லை, கான்ட்ராக்டர்தான் முதலாளி. கான்ட்ராக்டர் தன் பில் பாக்கிக்காக ஒரு மூலையில் நிற்பார். அவருக்குப் பின்னால் நிற்பவரை யாரும் எண்ணுவதில்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி.எஃப்., ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் தொழிலாளிக்கு வர வேண்டியதைக் கலைப்புச் சொத்தில் சேர்க்கக்கூடாது என்று 36-ஆவது பிரிவு தள்ளி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. அது பந்தியில்தான் நிற்க வேண்டும்.

அந்த 24 மாதத்தை எங்கிருந்து எண்ணுவது? கம்பெனி சம்பளத்தை நிறுத்திய நாளிலிருந்தா, ஆலையைப் பூட்டிய நாளிலிருந்தா? இரண்டும் இல்லை. கலைப்பு தொடங்கிய தேதியிலிருந்து பின்னோக்கி. இதன் அழகை ஜெட் ஏர்வேஸில் பார்க்கலாம். 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்கு வந்த விமானத்தோடு அந்தக் கம்பெனி நின்றுபோனது. ஜூன் 20-இல் நொடிப்பு வழக்கு தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டது. முதலில் 180 நாளில் முடிக்க வேண்டும், போனால் போகிறதென்று வழக்குகளையும் சேர்த்து 330 நாள் என்று சட்டம் சொல்லும் காரியம், ஐந்து வருஷத்தைத் தாண்டியது. கடைசியில் 2024 நவம்பர் 7 அன்று கலைத்துவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது சட்டத்தின் எழுத்தை எழுத்தாகவே படித்து, பின்னோக்கி 24 மாதம் எண்ணிப் பாருங்கள். 2022 நவம்பரில் போய் நிற்கும். அந்த இரண்டு வருஷத்தில் ஜெட் ஏர்வேஸ் ஒரு பயணியைக்கூட ஏற்றவில்லை. ஊழியர்களில் பலர் அதற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்தாயிற்று, சிலர் ஊருக்குத் திரும்பியாயிற்று. விமானம் பறந்த காலத்து பாக்கி கணக்கில் வராது. பறக்காத காலம் முதல் மரியாதையோடு கணக்கில் வரும். நீதிமன்றம் இரக்கப்பட்டு வேறு மாதிரிப் படித்தால் உண்டு. வழக்கு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குத் தொழிலாளியின் பாக்கி காலாவதியாகும் என்பதைத் தெரிந்தே எழுதினார்களா, தெரியாமல் எழுதினார்களா? தெரியாமல் என்றால் கோபம் வருகிறது. தெரிந்தே என்றால் இன்னும் அதிகமாக வருகிறது.

அதே ஜெட் ஏர்வேஸை எடுத்து நடத்துகிறோம் என்று வந்தவர்கள் 2021-இல் ஊழியர்கள் முன் வைத்த திட்டம் ஒன்று உண்டு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய ஆவணம். ஆளுக்கு ரொக்கம் 11,000 ரூபாய். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு ஒருமுறை 5,100. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 5,100. நோட்டுப் புத்தகத்துக்கு 1,100. செல்போன் ரீசார்ஜுக்கு 500. கூட்டினால் 22,800. வேலையோடு பல மாதச் சம்பளத்தையும் சேர்த்துத் தொலைத்த விமானப் பொறியாளருக்கு ஐந்நூறு ரூபாய் ரீசார்ஜ்! மொய் எழுதுகிறவர்கள்கூட ஒற்றைப்படையாக வரட்டும் என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பார்கள். வயதான அப்பாவின் டயாலிசிஸ் 5,100 ரூபாய்க்கு எத்தனை நாள் வரும், பிள்ளையின் பள்ளிக்கூடம் எத்தனை வாரம் நடக்கும் என்று தலைக்குத் தலை கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவர், எங்கோ ஓர் அலுவலகத்தில் எக்ஸெல் ஷீட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்துக்கு ஆயிரமா ஆயிரத்து நூறா என்று யோசித்திருக்கிறார். அந்த நூறு ரூபாய்த் தாராளம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

பி.எஃப்., பணிக்கொடை பாக்கியை முழுதாகக் கொடு என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னபோது, அவ்வளவு சுமை தாங்காது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 ஜனவரியில் மனு தள்ளுபடியாயிற்று. பிறகு வாக்களித்த பணத்தைப் போடாமலே இழுத்தடித்து, கம்பெனியே கலைப்புக்குப் போய்விட்டதால், ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊழியர்கள் திரும்பவும் வரிசையில் நிற்கிறார்கள்.

திவால் நடவடிக்கை ஓடிக்கொண்டிருக்கும் காலத்துச் சம்பளமாவது முதல் பந்தியில் வருமா என்று ஏ.பி.ஜி. ஷிப்யார்டு தொழிலாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: தீர்வு நிபுணர் தொழிற்சாலையை ஓட்டியிருந்து, நீங்கள் அந்தச் சமயத்தில் உண்மையிலேயே வேலை செய்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வழக்கமான வரிசைக்குப் போங்கள். கப்பல் கட்டும் தளத்துக்குப் பூட்டுப் போட்டது தொழிலாளி இல்லை. உள்ளே விடாததால் வேலை செய்யவில்லை, வேலை செய்யாததால் சம்பளம் முன்வரிசையில் இல்லை. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வயிற்றில்தான் ஓட்டை.

சரி, சம்பளம் கொடுக்காத முதலாளியைத் தொழிலாளியே திவால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாமே? இழுக்கலாம். பலமுறை மூடித் திறந்து, 2014 மார்ச் முதல் மூடியே கிடந்த கான்பூர் ஜே.கே. சணல் ஆலையின் தொழிற்சங்கம் அதற்காகத்தான் உச்ச நீதிமன்றம் வரை போனது. தொழிற்சங்கமும் கடன் கொடுத்தவர் என்ற முறையில் மனுப் போடலாம் என்று 2019 ஏப்ரல் 30-இல் தீர்ப்பு வாங்கியது. அப்போது மனுப் போடக் குறைந்தபட்ச பாக்கி 1 லட்சம். பதினோரு மாதம்கூடத் தாங்கவில்லை. 2020 மார்ச் 24 அன்று, கொரோனா ஊரடங்கில் சிறு தொழில்களைக் காப்பாற்ற என்று அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். கொரோனா போய்விட்டது, வரம்பு போகவில்லை. நம்முடைய 1,20,000 ரூபாய்க்காரர் இப்போது நீதிமன்றப் படி ஏற வேண்டுமென்றால், தன்னைப் போலவே மோசம் போன இன்னும் 83 பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சட்டம் அவரிடம் கேட்பது பாக்கிக்கு நிரூபணம் மட்டுமல்ல. தன் நாசம் போதிய அளவுக்குப் பெரியது என்பதற்கும் நிரூபணம்.

உள்ளே போய்விட்டாலும் ஓட்டு கிடையாது. சம்பள பாக்கி என்பது சட்டத்தின் கண்ணில் ‘செயல்பாட்டுக் கடன்’. ஸ்டேஷனரி சப்ளை செய்தவருக்கும் தொழிலாளிக்கும் ஒரே பெயர். இப்படிப்பட்டவர்களின் பாக்கி மொத்தக் கடனில் பத்து சதவீதத்தைத் தொட்டால், அவர்கள் சார்பில் ஒருவர் கூட்டத்துக்கு வரலாம். உட்காரலாம், கேட்கலாம், எழுந்து போகலாம். கையைத் தூக்க முடியாது.

இப்படித்தான் எப்போதும் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் தொழிலாளி வாய் திறக்க உரிமை உண்டு என்று 1982-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் தீர்ப்புச் சொன்னார்கள். தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் கொண்டுபோன வழக்கு அது. 1985-இல் நாடாளுமன்றம் கம்பெனிச் சட்டத்தில் 529-ஏ பிரிவைச் சேர்த்து, தொழிலாளியின் பாக்கிக்கும் பிணையக் கடனுக்கும் சம அந்தஸ்து கொடுத்தது; வங்கி தனியாகப் பிரிந்து போய் விற்றாலும் அதில் தொழிலாளியின் பங்கு ஒட்டிக்கொண்டே போகும். 24 மாதம், 48 மாதம் என்ற கணக்கே இல்லை. 2016-இல் சீர்திருத்தம் வந்தது. பழைய பாதுகாப்பு திவால் சட்டக் கலைப்புக்குப் பொருந்தாது என்று கம்பெனிச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். மோசர் பேர் கம்பெனித் தொழிலாளர்கள் அந்த ஒரு வரியை எதிர்த்துப் போனார்கள். 2023 மே மாதம், அது அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று தீர்ப்பானது. முப்பது வருஷத்துக்கு மேலாக இருந்த உரிமையை எடுத்துக்கொண்டதற்கு வைத்த பெயர், தொழில் செய்வதை எளிதாக்குதல். எளிதாகத்தான் ஆகியிருக்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, செட்டில்மென்ட் என்றாலே இந்த நாட்டில் கிடைக்காது போலிருக்கிறது என்று மனம் உடைந்துவிட வேண்டாம். கிடைக்கும். விஜய் மல்லையாவுக்குக் கிடைத்தது.

அவருடைய கிங்பிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. ஊழியர்களுக்கு அதற்கு முன்பே மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சம்பளத்தில் பிடித்த வருமான வரியைக்கூடக் கம்பெனி அரசுக்குக் கட்டாமல் வைத்திருந்தது. 2015 டிசம்பரில் கோவாவில் முதலாளிக்குச் சஷ்டியப்தபூர்த்தி. வெளிநாட்டுப் பாடகரெல்லாம் வந்து அமர்க்களப்பட்டது. 2016 பிப்ரவரி 25-இல் யுனைடெட் ஸ்பிரிட்ஸ் தலைவர் நாற்காலியிலிருந்து அவர் இறங்குவதற்காக டியாஜியோ கம்பெனி ஓர் ஒப்பந்தம் போட்டது: 7.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 515 கோடி ரூபாய். வருஷத்துக்கு 15 நாள் என்ற கணக்கில் அந்தத் தொகை வர அவர் எத்தனை யுகம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட என்னிடம் பஞ்சாங்கம் இல்லை. அதில் 4 கோடி டாலர் உடனடியாகக் கைக்கு வந்தது. அவருக்கு யாரும் படிவம் கொடுக்கவில்லை, ஓட்டெடுப்பு நடத்தவில்லை, 24 மாதம் மட்டும்தான் என்று சொல்லவில்லை. மார்ச் 2-ஆம் தேதி அவர் நாட்டை விட்டே போய்விட்டார். அந்த 4 கோடி டாலரைத் தன் மூன்று பிள்ளைகளுக்கு மாற்றிவிட்டதை மறைத்தது நீதிமன்ற அவமதிப்பு என்று 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2022 ஜூலையில் தண்டனை விதித்தது. நான்கு மாதச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். பணத்தை எட்டு சதவீத வட்டியோடு திருப்பிக் கட்டவும் உத்தரவு. குற்றவாளி லண்டனில் இருந்தார். இரண்டாயிரம் ரூபாய் என்பது சட்டம் அனுமதித்த அதிகபட்ச அபராதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீதிபதிகளை நக்கலடிப்பதாக ஆகிவிடும்.

லண்டனில் அவர் சொத்துக்கள் முடக்கப்பட்டன. முடக்கினால் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்? அந்த ஊர் நீதிமன்றம் மனிதாபிமானம் உள்ளது. வாரத்துக்கு 18,325 பவுண்டு வரை வாழ்க்கைச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அன்றைய கணக்கில் 16 லட்சம் ரூபாய்க்கு மேல், ஒரு வாரத்துக்கு. 2021 ஜூலை 26 அன்று அதே லண்டனில் அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். மண்ணை வாரித் தூற்ற கோலார் தங்கவயலிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ அவ்வளவு தூரம் யாரால் போக முடியும்? கிங்பிஷர் ஊழியர்களின் பாக்கிக்காக ஏறத்தாழ 312 கோடி ரூபாயை விடுவிக்கும் உத்தரவு 2025 டிசம்பரில்தான் வந்தது. விமானம் நின்று பதின்மூன்று வருஷம். முதலாளியின் செட்டில்மென்ட்டுக்குக் கையெழுத்துக்கும் பணத்துக்கும் நடுவில் எத்தனை நாள் ஆயிற்று என்பதை மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் அடைக்கலம் புகுந்த பிரிட்டனிலேயே இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. அதை நம் ஆட்கள் சுற்றுலா போகும்போது பார்த்துவிட்டு வரவில்லை. அங்கே முதலாளி திவாலானால், தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டிய வேலைநீக்க ஈட்டுத்தொகையை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, தேசியக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசே கொடுத்துவிடும். பிறகு தொழிலாளிக்குப் பதிலாக அரசு போய் வரிசையில் நிற்கும். வரிசையில் நிற்பதற்கு வேண்டிய பொறுமை, வக்கீல், இரண்டு வேளைச் சாப்பாடு மூன்றும் அரசிடம் இருக்கிறது, தொழிலாளியிடம் இல்லை என்ற சாதாரண அறிவு. முதலாளி நொடித்தால் தொழிலாளியின் கோரிக்கையைக் காப்பது பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1992-இல் 173-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் கையெழுத்திட்டு உறுதி செய்யவில்லை. பேனா கிடைக்கவில்லையோ என்னவோ.

கடைசியாக, செட்டில்மென்ட் வராத அந்த மனிதரே கடனில் முழுகிவிட்டால்? 2016 சட்டத்தில் தனிமனிதர் திவாலுக்கும் ஒரு பாகம் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அதைத் திறந்துவிட்டார்கள். சாதாரண ஜனங்களுக்கு இன்னும் திறக்கவில்லை. ஆகவே சென்னைவாசிக்கு 1909-ஆம் வருஷத்து மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டம், மற்ற ஊர்க்காரருக்கு 1920-ஆம் வருஷத்துச் சட்டம். கம்பெனிக்கு மின்னணு யுகம். மனிதனுக்கு வெள்ளைக்காரன் காலம். அந்தச் சட்டங்களின்படி, திவால் அறிவிப்புக்குப் பின்னால், விடுதலைக்கு முன்னால் கைக்கு வரும் சொத்தும் கடன்காரர்களுக்கே. ஜப்தி செய்யக் கூடாதவை என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு பட்டியல் போட்டவை மட்டும் தப்பும். சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கழற்றக் கூடாத தாலி, வருங்கால வைப்பு நிதி, கூலிக்காரரின் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு முதல் ஆயிரம் ரூபாயும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும். பணிக்கொடைக்கு அதன் சொந்தச் சட்டத்திலேயே வேலி இருந்தது. வைப்புத்தொகையாக மாற்றி வைத்திருந்தாலும் அதைத் தொடக்கூடாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கிக்குச் சொல்லவும் செய்தது. ஆட்குறைப்பு இழப்பீடு என்ற பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆக, அந்த 1,20,000 ரூபாய் முதலாளி திவாலானால் அநேகமாக வராது. தொழிலாளி திவாலானபின் தப்பித் தவறி வந்தால், அவர் கையில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதல் வழக்கில் அவர் கடன் கொடுத்தவர், எனவே பொறுமை வேண்டும். இரண்டாம் வழக்கில் கடன் வாங்கியவர், எனவே நாணயம் வேண்டும். இரண்டிலும் வங்கி அவருக்கு முன்னால் நிற்கிறது. நடைமுறையில் நீதிமன்றம் வரைக்குமே போகாது. பணம் விழும் கணக்கும் தனிநபர் கடனும் ஒரே வங்கியில் இருந்தால், மாலையில் ஏ.டி.எம்.முக்குப் போகும்போது மினிமம் பேலன்ஸ் இல்லாததற்கான அபராதமும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள்.

இத்தனைக்கும் முதல் படி ஒரு படிவம். திவால் நடவடிக்கை தொடங்கியதும் தொழிலாளி நிரப்ப வேண்டிய படிவம் ‘டி’. பெயர், அடையாள எண், முகவரி, கோரும் தொகை, வங்கிக் கணக்கு. நடுவில் சில கேள்விகள் உண்டு. வேலை போன நண்பர்கள் யாராவது நிரப்பச் சொல்லிக் கொண்டுவந்தால் நான் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்:

கோரிக்கையை நிரூபிக்கும் ஆவணங்கள்: கேட்டுக்கு உள்ளே, எச்.ஆர். அறை இரண்டாவது பீரோவில் இருக்கின்றன. சாவி உங்களிடம்.

கோரிக்கை எப்போது, எப்படி ஏற்பட்டது: காலை ஷிப்ட் 6 மணி, நைட் ஷிப்ட் 10 மணி. பன்னிரண்டு வருஷம். வேலை செய்ததால் ஏற்பட்டது.

கம்பெனிக்கு நீங்கள் திருப்பித் தர வேண்டிய பாக்கி ஏதேனும் உண்டா, கழித்துக்கொள்வதற்கு: உண்டு. கேன்டீனில் சாப்பிட்ட பொங்கலுக்கு நாற்பது ரூபாய். அதை முதல் பந்தியிலேயே கழித்துக்கொள்ளவும்.